சியோலில் காவல் மாற்றம் பார்க்க: கியோங்போக்குங்கா, தோக்சுகுங்கா, சுவோன் வரை போகலாமா?

சியோலுக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் அரண்மனைக் காவல் மாற்றச் சடங்கு அநேகமாக இருக்கும். கொரிய வரலாற்றுத் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, வேலும் வில்லும் ஏந்தி வாயிலில் நிற்கும் வீரர்களை நேரில் பார்க்க ஆசை வருவது இயல்புதான். ஆனால் இணையத்தில் தேடத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். படங்களில் எல்லாம் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி முரசு. இடமும் நேரமும் விடுமுறை நாளும் மட்டும் வேறு வேறு. பெரிய அரண்மனையான கியோங்போக்குங்கில் ஒன்று நடக்கிறது. நகராட்சிக் கட்டடத்துக்கு எதிர்ப்புறம் தோக்சுகுங்கில் இன்னொன்று. தெற்கே ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, சுவோன் நகரத்தில் மூன்றாவது. மூன்றையும் பார்க்க நேரம் இருப்பவர்கள் குறைவு.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சடங்கைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் தோக்சுகுங். அரண்மனையைச் சுற்றிப் பார்க்கக் கியோங்போக்குங் போகத்தான் போகிறீர்கள் என்றால், சடங்கையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். இந்த வீரர்கள், இந்த இடம், இந்தக் காலம் மூன்றும் உண்மையிலேயே பொருந்துகின்றனவா என்று கேட்கிற ஆள் நீங்கள் என்றால், சுவோனுக்கு ரயில் ஏறுங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. லண்டனில் நடப்பது போல இடைவிடாமல் தொடர்ந்து வரும் வழக்கம் அல்ல இது. கொரியாவை ஆண்ட ஜோசன் அரசு 1392-இல் தொடங்கியது. 1897-இல் கொரியப் பேரரசு என்று பெயர் மாறி, 1910-இல் ஜப்பானிடம் நாட்டை இழந்தது. அரண்மனை வாயில்களுக்குப் பொறுப்பான சுமுன்ஜாங் என்ற அதிகாரியின் பதவி 1469-இல் ஏற்படுத்தப்பட்டது. வாயிலைத் திறப்பது, மூடுவது, காவல் நிற்பது, ரோந்து சுற்றுவது என்று பழைய ஆவணங்களில் தனித்தனியாக இருக்கும் கடமைகளைச் சேர்த்து, இருபது முப்பது நிமிடத்தில் பார்க்கும்படி நம் காலத்தில் கோத்திருக்கிறார்கள். தோக்சுகுங்கில் 1996-இலும் கியோங்போக்குங்கில் 2002-இலும் இது தொடங்கியது. நிற்பவர்கள் கலைஞர்கள். தாடி ஒட்டுத்தாடி, பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். இதனால் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் மூன்றுமே மறுஉருவாக்கம் என்பதால், எது பழமையானது என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. எது நன்றாகச் செய்யப்படுகிறது, எது அது நடக்கும் இடத்தோடு ஒட்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கியோங்போக்குங்கில் எல்லாமே பெரிது. காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் காவல் மாற்றம், ஏறக்குறைய 20 நிமிடம். முன்வாயிலான குவாங்ஹ்வாமுன்னுக்கும் அடுத்த வாயிலான ஹுங்ன்யேமுன்னுக்கும் இடையே உள்ள பரந்த முற்றத்தில் நடக்கும். டிக்கெட் பார்ப்பது ஹுங்ன்யேமுன்னில்தான், அதனால் சடங்கு பார்க்கப் பணம் கிடையாது. உடைகள் 15-ஆம் நூற்றாண்டு, அதாவது ஜோசன் தொடக்க கால முறை. மஞ்சள் அங்கி போட்ட இசைக்குழு, திசைக்கு ஒரு நிறமாக நீல நாகம், வெள்ளைப் புலி என்று வரையப்பட்ட கொடிகள், பின்னால் புகாக் மலை, அரண்மனைக் கூரைகள். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் சியோலில் இல்லை.

குறையும் அந்தப் பெரிய அளவிலேயே இருக்கிறது. முற்றம் விரிந்தது, கூட்டம் அதைவிட. முன்வரிசை கிடைக்காவிட்டால் கொடிகளின் நுனியும் எதிரே தூக்கிப் பிடித்த கைபேசிகளும்தான் தெரியும். தலைவர்கள் இருவரும் எதிரெதிரே நின்று அடையாளத்தைச் சரிபார்க்கும் நேரத்தில், ஐம்பது அடி தள்ளி நிற்பவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியாது. ஒலிபெருக்கியில் கொரிய மொழியோடு ஆங்கிலம், ஜப்பானியம், சீனம் என்று விளக்கம் வரும், அதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். குழந்தைகளோடு போகிறவர்கள் 10 மணி நிகழ்ச்சிக்குப் பதிலாக 9:35 மணிக்கு நடக்கும் வீரர் பயிற்சியை முயன்று பார்க்கலாம். கிழக்குப் பக்கம் ஹியோப்செங்முன் வாயிலுக்கு வெளியே கால் மணி நேரம் நடக்கிறது. அங்கே கூட்டம் மிகக் குறைவு, ஆயுதங்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். அது முடிந்ததும் முற்றத்துக்கு வந்தால் 10 மணி நிகழ்ச்சிக்கும் ஓரளவு நல்ல இடம் கிடைக்கும்.

கியோங்போக்குங்கைத் தேர்ந்தெடுப்பதற்குச் சடங்கைவிட வலுவான காரணம் அது நடக்கும் இடம். குவாங்ஹ்வாமுன் பட்ட பாட்டை வேறெந்த வாயிலும் பட்டிருக்காது. 1395-இல் கட்டப்பட்டது, 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அரண்மனையோடு எரிந்தது. அதன்பின் ஏறத்தாழ 270 ஆண்டுகள் அரண்மனை முழுவதும் பாழாகக் கிடந்தது. 1860-களில் மீண்டும் கட்டினார்கள். காலனி ஆட்சியில் ஹுங்ன்யேமுன் நின்ற இடத்தில் ஜப்பானியத் தலைமை ஆளுநர் அலுவலகத்தைக் கட்டி, குவாங்ஹ்வாமுன்னை இடம் பெயர்த்து ஓரத்தில் வைத்துவிட்டார்கள். கொரியப் போரில் வாயிலின் மேல்மாடம் எரிந்து போயிற்று. 1968-இல் சிமென்டில் ஒரு குவாங்ஹ்வாமுன் எழுந்தது. இன்றைக்கு நாம் பார்க்கும் மரக் கட்டுமானம், பழைய இடத்திலேயே, 2010-இல் திறக்கப்பட்டது. வாயிலுக்கு முன்னால் உள்ள கல்மேடையும் கறுப்புப் பின்னணியில் பொன்னெழுத்துப் பலகையும் 2023 அக்டோபரில்தான் வந்தன.

ஆளுநர் அலுவலகத்தை இடிக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15, விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நாளில். அடுத்த ஆண்டு இடித்து முடித்தார்கள். ஹுங்ன்யேமுன் 2001-இல் மீண்டும் எழுந்தது, 2002-இல் காவல் மாற்றம் தொடங்கியது. ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் இது வெறும் சுற்றுலாத் துறை யோசனை இல்லை என்பது விளங்கும். அந்நிய ஆட்சியின் கட்டடம் நின்ற இடத்தில்தான் இன்று கொரிய வாயிற்காவலர் முரசு அடிக்கிறார்கள்.

ஒலிபெருக்கி சொல்லாத இன்னொரு செய்தியும் உண்டு. 1895 அக்டோபர் 8 விடியற்காலையில் ஜப்பானியக் கொலைகாரர்கள் இதே குவாங்ஹ்வாமுன் வழியாக நுழைந்து, உள்ளே வடகோடி வரை போய் ராணி மின்னைக் கொன்றார்கள். தடுக்க முயன்ற தளபதி ஹோங் கியே-ஹுன் வாயிலருகே உயிர்விட்டார். காவல் பற்றிய சடங்கில் காவல் தோற்ற நாளுக்கு இடம் இருக்காதுதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள், சடங்கு முடிந்ததும் டிக்கெட் வாங்கி (பெரியவர்களுக்கு 3,000 வோன்) வடக்கே ராணி கொல்லப்பட்ட கோன்சோங்குங் மாளிகை வரை நடந்து போய்ப் பார்க்காமல் திரும்பமாட்டார்கள்.

அந்தக் கொலைதான் நம்மைத் தோக்சுகுங்குக்குக் கொண்டுபோகிறது. மனைவியை இழந்த மன்னர் கோஜோங் 1896-இல் ரஷ்யத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். அங்கே ஓராண்டு இருந்துவிட்டு 1897-இல் குடிவந்தது, தூதரகங்களுக்கு அருகில் இருந்த இந்தச் சிறிய அரண்மனைக்கு. அதே ஆண்டு தன்னைப் பேரரசர் என்று அறிவித்தார். அப்போது இதன் பெயர் கியோங்உன்குங். 1907-இல்தான் தோக்சுகுங் ஆயிற்று.

இங்கே சடங்கு தேஹான்முன் வாயிலுக்கு வெளியே, நடைபாதையை ஒட்டி நடக்கிறது. காலை 11 மணி, பிற்பகல் 2 மணி, கட்டணம் இல்லை. முற்றம், மலை, பிரம்மாண்டம் எதுவும் கிடையாது. எதிரே பேருந்துகள், நகராட்சிக் கட்டடம், மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அலுவலகக் கூட்டம். பார்வையாளர் ஒற்றைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், வீரர்கள் அந்தப் பக்கம், நடுவே சில அடிகள்தான். நான் இதை முதலிடத்தில் வைப்பதற்கு இந்த நெருக்கம்தான் காரணம், ஏனென்றால் இந்தச் சடங்கின் சுவை சிறிய காரியங்களில் இருக்கிறது.

பொறுப்பேற்க வரும் அணி மதிலோரமாக அணிவகுத்து வந்து நிற்கும். அவர்களை அப்படியே உள்ளே விட்டுவிடமாட்டார்கள். முதலில் மறைச்சொல் கேட்பார்கள். ஜோசன் காலத்தில் இந்தச் சொல் நாளுக்கு நாள் மாறும். அன்றைய சொல் தெரியாதவன் உடை சரியாக இருந்தாலும் உள்ளே போக முடியாது. பதில் சரியாக வந்தபின் முரசு. முதல் முறை முரசு முழங்கும்போது வாயில் சாவிகள் உள்ள பெட்டி கைமாறுகிறது. கைமாறும்போது இருவரும் அவசரப்படமாட்டார்கள்: பெட்டியைத் திறந்து உள்ளே சாவி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். இரண்டாம் முறை முழங்கும்போது, வந்தவர் உண்மையிலேயே அனுப்பப்பட்டவர்தானா என்று அடையாள வில்லையை வைத்துச் சரிபார்த்து அதிகாரத்தை ஒப்படைக்கிறார்கள். மூன்றாம் முறை இரண்டு அணிகளும் இடம் மாறுகின்றன. இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு நின்றால் அரை மணி நேரம் போவதே தெரியாது. தெரியாமல் நின்றால் அணிவகுப்புக்கு நடுவே அர்த்தமில்லாத நீண்ட இடைவெளிகள் இருப்பதாகத் தோன்றும். பாதியில் கிளம்பிவிடும் சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான் கிளம்புகின்றன. சில நாட்களில் பார்வையாளர் ஒருவருக்கு உடை போட்டுவிட்டு முரசடிக்க விடுவதும் உண்டு.

இசைக்கும் இதுவே நல்ல இடம். தேப்யோங்சோ என்ற ஊதுகருவி, நம் நாதஸ்வரம் போலவே சீவாளி வைத்து ஊதுவது. அளவில் சிறியது, ஒலி இன்னும் கூர்மை. குழுவில் மெட்டு வாசிப்பது அது மட்டும்தான். நபால் என்ற நீண்ட பித்தளைக் கொம்பும் நகாக் என்ற சங்கும் ஆளுக்கு ஒரே சுரத்தைப் பிடித்து மாறி மாறி ஊதும். குழுத்தலைவர் கையில் உள்ள கோலை நிமிர்த்தி உரக்கக் கட்டளை இடுவார், சேகண்டி ஒருமுறை ஒலிக்கும், அப்புறம் எல்லாம் சேர்ந்து தொடங்கும். கியோங்போக்குங்கின் திறந்தவெளியில் இந்த ஒலி பரவிக் கரைந்துவிடுகிறது. தேஹான்முன்னுக்கு முன்னால் மதிலில் பட்டுத் திரும்பி முகத்தில் அறைகிறது. சங்கு ஊதுகிறவர் மூச்சு வாங்குவது வரை கேட்கும்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. தேஹான்முன்னும் அதன் பெயரும் பேரரசு காலத்தைச் சேர்ந்தவை. தேஆன்முன் என்று இருந்தது 1906-இல் தேஹான்முன் ஆயிற்று. கோஜோங்கின் அந்தப் பேரரசில் படைவீரர்கள் மேற்கத்தியச் சீருடையில் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள். உள்ளே மேலைநாட்டுப் பாணியில் கல்லால் கட்டிய சோக்ஜோஜோன் மாளிகை இருக்கிறது. பேரரசர் காபி குடித்ததாகச் சொல்லப்படும் மண்டபமும் இருக்கிறது. அப்படிப்பட்ட அரண்மனையின் வாசலில் வேலும் வில்லும் பட்டு அங்கியுமாக நிற்பது கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கிறது. வாயிலே கூட முதலில் நின்ற இடத்தில் இல்லை: சாலையை அகலப்படுத்தியபோது 1970-இல் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். இன்னொரு தொல்லை, இந்தப் பகுதி சியோலின் ஆர்ப்பாட்டக் களம். சனிக்கிழமை பிற்பகல் போனால் முரசுக்குப் போட்டியாக மறுபக்கம் ஒலிபெருக்கி முழக்கம் கேட்க வாய்ப்பு அதிகம். வாரநாள் 11 மணிதான் உத்தமம்.

சுவோன் கதை வேறு. இங்கே உள்ளது ஹ்வாசோங் ஹேங்குங், மன்னர் பயணம் வரும்போது தங்குவதற்கான அரண்மனை. கட்டியவர் மன்னர் சோங்ஜோ. அவருடைய தந்தை, பட்டத்து இளவரசர் சாடோ, 1762-இல் சொந்தத் தந்தையான மன்னரின் ஆணையால் அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டு இறந்தவர். சோங்ஜோ அரியணை ஏறியபின் 1789-இல் தந்தையின் கல்லறையைச் சுவோன் பக்கம் மாற்றினார், 1794 முதல் 1796 வரை ஹ்வாசோங் கோட்டையைக் கட்டினார். கூடவே, அரசவைக் கட்சிகளை நம்ப முடியாததால் தனக்கென்று சாங்யோங்யோங் என்ற காவற்படையை உருவாக்கி, அதன் வெளிப்பிரிவை 1793-இல் இங்கேயே நிறுத்தினார். 1800-இல் அவர் இறந்தார். 1802-இல் எதிர்த்தரப்பு அந்தப் படையைக் கலைத்துவிட்டது.

ஆக, ஹேங்குங்கின் முன்வாயிலான சின்புங்ருவில் சாங்யோங்யோங் வீரர்களாக வேடமிட்டு நிற்பவர்கள், அந்தப் படை நிஜமாகவே நின்ற இடத்தில் நிற்கிறார்கள். சியோலின் இரண்டு சடங்குகளுக்கும் இந்தப் பொருத்தம் கிடையாது. ஹேங்குங் கட்டடங்களும் பெரும்பாலும் மறுகட்டுமானம்தான், 2024-இல்தான் அந்த வேலை முடிந்தது. ஆனால் கோட்டை கட்டிய செலவு, ஆட்கள், வரைபடம் வரை எல்லாவற்றையும் பதிவு செய்த ஹ்வாசோங் சோங்யோக் உய்க்வே என்ற 1801-ஆம் ஆண்டு நூல் கையில் இருந்ததால், ஊகத்துக்கு இடம் குறைவு. கோட்டை 1997-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோதும் இந்த ஆவணம்தான் கைகொடுத்தது.

இங்கே தவறவிடக் கூடாதது காவல் மாற்றம் அல்ல, அதைவிட அடிக்கடி நடக்கும் போர்க்கலை நிகழ்ச்சி. திங்கள் தவிர மற்ற நாட்களில் காலை 11 மணிக்கு சின்புங்ருவுக்கு முன்னால் நடக்கும். 1790-இல் சோங்ஜோவின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட முயே தோபோ தோங்ஜி என்ற போர்க்கலை நூலில் உள்ள 24 கலைகளிலிருந்து செய்து காட்டுகிறார்கள். அதில் 18 கலைகள் இளவரசர் சாடோ ஆட்சிப்பொறுப்பில் இருந்தபோது 1759-இல் தொகுக்கப்பட்டவை. குதிரைமேல் செய்யும் ஆறைச் சேர்த்து நிறைவு செய்தவர் மகன். அப்பாவின் பெயரை நிமிர்த்துவதற்கு ஒரு கோட்டை, ஒரு படை, ஒரு நூல் என்று மனிதர் விடவில்லை.

நிகழ்ச்சியில் வேகம் இருக்கிறது. பிறை வடிவ அலகு கொண்ட வோல்டோ, மூன்று முனை கொண்ட சூலம், கிளைகளைக் கழிக்காமல் முழு மூங்கிலையே ஆயுதமாக்கிய நாங்சோன் எல்லாம் வரும். கடைசியாகச் சொன்னது பார்க்க வேடிக்கையாக இருந்தாலும், வாள்வீரனைக் கிட்டவே விடாது. இறுக்கிக் கட்டிய வைக்கோலை ஒரே வீச்சில் வெட்டும்போது அறுந்த துண்டு சில நேரம் முன்வரிசைக்கே வந்து விழும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களையோ பெண்களையோ கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், சுவோன்தான். கியோங்போக்குங்கின் மெதுவான நடையில் அவர்களுக்கு ஐந்தே நிமிடத்தில் சலிப்பு வந்துவிடும். முறைப்படியான சாங்யோங்யோங் காவல் சடங்கு, இளவேனில் முதல் இலையுதிர் காலம் வரை, ஞாயிறு பிற்பகலில் வைப்பது வழக்கம். அதற்காக மட்டும் போவதானால் அந்த வார அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சுவோனின் குறை தூரம் ஒன்றுதான். சியோல் மெட்ரோ 1-ஆம் தடத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், அப்புறம் நிலையத்திலிருந்து பேருந்து. கோட்டைச் சுவரைச் சுற்றி நடக்கவும் சேர்த்தால் ஒரு முழு நாள் போய்விடும். சாம்சங் எலக்ட்ரானிக்ஸின் தலைமையகம் சுவோனில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையிலிருந்து அங்கே வேலையாகப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவர்களுக்குச் சியோல்தான் தூரம்.

வேறு சில சின்ன நிகழ்ச்சிகளும் உண்டு. சோங்னோ சாலையில் போசின்காக் மணிமண்டபத்தில் நண்பகலில் 12 முறை மணி அடிக்கிறார்கள். ஜோசன் காலத்தில் இரவு 28 முறை அடித்தால் நகர வாயில்கள் மூடும், விடியலில் 33 முறை அடித்தால் திறக்கும். வாயிற்காவலர் வேலையே இந்த மணியை நம்பித்தான் இருந்தது. இதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம், அந்தப் பக்கம் இருந்தால் போங்கள்.

கிழமை பல நேரம் முடிவை நம் கையிலிருந்து எடுத்துவிடும். கியோங்போக்குங்குக்குச் செவ்வாய் விடுமுறை, தோக்சுகுங்குக்குத் திங்கள். திங்கட்கிழமை மட்டும்தான் நேரம் என்றால் கியோங்போக்குங், செவ்வாய் என்றால் தோக்சுகுங் அல்லது சுவோன். மழை பெய்தால் எங்கேயும் நடக்காது. ஜூலையில் பருவமழை என்பதால் அந்த மாதம் போகிறவர்கள் ஒரே ஒரு நாளை நம்பி இருக்காதீர்கள். கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் நிகழ்ச்சியைச் சுருக்கிவிடுவதோ ரத்து செய்வதோ உண்டு. ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் பத்துக்கும் கீழே போகும், முன்னிடம் பிடிக்க அரை மணி நேரம் அசையாமல் நிற்கப் போகிறீர்கள் என்பதை நினைத்துக் கையுறை, தடித்த காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஹன்போக் என்ற கொரிய மரபுடையை வாடகைக்கு எடுத்து உடுத்திப்போனால் அரண்மனைகளில் நுழைவு இலவசம். கியோங்போக்குங்கைச் சுற்றிக் கடைக்குக் கடை வாடகைக்குக் கிடைக்கிறது. வாயிலில் நிற்பவரோடு படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தோளில் கை போடுவதும் ஆயுதத்தைத் தொடுவதும் வேண்டாம்.

சியோலில் ஒரு காலைப்பொழுது மட்டும் இருக்கிறது, இரண்டையும் விட மனசில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. புதன் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாளில், 3-ஆம் தடத்தில் கியோங்போக்குங் நிலையத்தில் இறங்கி 5-ஆம் வாசல் வழியாக வெளியே வாருங்கள். 9:35 பயிற்சி, 10 மணி காவல் மாற்றம் இரண்டையும் பார்த்துவிட்டு, 10:25-க்குள் குவாங்ஹ்வாமுன்னை விட்டுக் கிளம்புங்கள். அரசர் செஜோங் சிலை, கடற்படைத் தளபதி யி சுன்-சின் சிலை இரண்டையும் தாண்டி, நேர் சாலையில் தெற்கே இருபது நிமிடம் நடந்தால் தேஹான்முன். முரசுக்குப் பக்கத்தில், கயிற்றை ஒட்டி நிற்க இடம் கிடைத்துவிடும். அரண்மனைக்குள் போக ஆசை என்றால், 11 மணி சடங்கு முடிந்ததும் 1,000 வோன் கொடுத்துத் தோக்சுகுங்குக்குள்ளேயே போய்விடுங்கள். கியோங்போக்குங்கின் உட்புறத்துக்கு இன்னொரு நாள், குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும்.